துணைக்கு ஆள் இல்லாத வகுப்பு

“பெட்டியோட சாவியக் குடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று காலையில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தபடி அம்மா மூன்று தடவை சொல்லியிருந்தாள். மூன்றாவது தடவை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்த ஸ்வர்ணலதா வணக்கம்கூட வைக்காமல் அதைத்தான் முதலில் கேட்டாள்.

தெலுங்குக்காரரான ஹெட்மாஸ்டர் ரங்கையா டிபன் டப்பாவைத் திறந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். வெளியே நாலு நாளாகப் பிடித்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

“ஏ பெட்டி, எந்தப் பெட்டிம்மா?”

“வராண்டால மாட்டி வெச்சிருக்கீங்களே, புகார்ப் பெட்டி. அது.”

அந்தப் பெட்டியை அவள் வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மேலே தெலுங்கில் எழுத்து. தகரம் துருப்பிடித்து ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. பூட்டு மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று தொங்கியது. அடிக்கடி திறக்கிற பூட்டுதான் அப்படி இருக்கும்.

“கூர்ச்சோம்மா, உக்காரு. நீ நம்ம செல்லியம்மா பொண்ணுதான, கதா? திருப்பதில டிகிரி பண்ணுனது?”

“உக்கார வரல சார். சாவி.”

“அப்படிக் கேட்டவங்களுக்கெல்லாம் தரக்கூடாதும்மா. மாசத்துக்கு ஒருக்கா பேரண்ட்ஸ் கமிட்டி முன்னாடி திறக்கறோம். ரிஜிஸ்டர் மெயின்டெயின் பண்றோம். சமஸ்ய, பிரச்சன ஏதும் இல்ல.”

“சமஸ்ய இருக்குதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே சார்.”

அவர் டப்பாவை மூடினார். திறந்த உப்புமாவை ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். இவளுக்கு என்ன புரியப் போகிறது என்ற தெம்பு அதில் இருந்தது. ஆனால் மூன்று வருஷம் திருப்பதியில் தெலுங்குக்காரப் பிள்ளைகளோடு ஹாஸ்டலில் இருந்தவள் அவள். ஏர்பேடு பக்கத்துக் கம்பெனியில் இப்போது பார்க்கிற வேலையிலும் முழுக்கத் தெலுங்குதான். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை. பெட்டி திறக்கப்பட்டது. காலி. புகார்கள் இல்லை.

கீழே மூன்று கையெழுத்து. ஒன்று ரங்கையா. ஒன்று கமிட்டித் தலைவர் வேணு, அவளுக்குச் சித்தப்பா முறை. மூன்றாவது, தெலுங்கு எழுத்துகளுக்கு நடுவே வழி தப்பி வந்ததுபோலக் கோணலாக, தமிழில் ‘செல்லியம்மா.’ அம்மாவும் கமிட்டியில் ஒருத்தி.

ஸ்வர்ணலதா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தாள்.

“ஏய், போட்டோ எடுக்கக் கூடாதும்மா!”

“எடுத்துட்டேன் சார்.”

அவள் தோளில் மாட்டியிருந்த பைக்குள், ஒரு பிளாஸ்டிக் உறையில், ரூல் போட்ட நோட்டுத்தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பதினாலாம் தேதி, குழந்தைகள் தின விழாவுக்கு எல்லோரும் மைதானத்தில் மிட்டாய்க்கு நின்ற நேரத்தில், அவளுடைய தங்கை தரணி அந்தப் பெட்டிக்குள் போட்ட தாள் அது. பெட்டி காலி என்றால் அந்தத் தாள் காற்றிலா பறந்து போயிற்று?

பறக்கவில்லை. திங்கட்கிழமை பதினேழாம் தேதி தரணியின் தமிழ்க் கட்டுரை நோட்டுக்குள் மடித்து வைத்தபடி திரும்பி வந்தது. வீட்டுப்பாடத்துக்குப் போடுவதுபோல அடியில் சிவப்பு மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தது. தமிழ் வாத்தியார் கோபிகிருஷ்ணனின் கையெழுத்து. தரணி புகார் எழுதியது யாரைப் பற்றி? அந்த ஆளைப் பற்றித்தானே?

அன்றிலிருந்து எட்டு நாள் அந்தப் பெண் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. வயிற்று வலி என்றாள். கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். தாயத்தும் கட்டினார்கள். போனில் அம்மா சொன்ன விதமே ஸ்வர்ணலதாவுக்குச் சரியாகப் படாமல், ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு வந்தாள். தரணி நேற்று மதியம், மழை விட்ட நேரம் பார்த்துக் கடலைக்கொடியை இருவரும் வாசலில் பரப்பிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். சொல்லிவிட்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தாளில் எட்டு வரிகள். தமிழ் ஐயா நோட்டுகளை லைப்ரரி ரூமுக்கு எடுத்து வரச் சொல்கிறார். கதவைச் சாத்திவிடுகிறார். தோளில் கை போடுகிறார். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. போனில் போட்டோ எடுக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் வேறு பெண் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. நானூறு பிள்ளைகள் தெலுங்கில் எழுதும் அந்த ஆந்திரப் பள்ளிக்கூடத்தில், தமிழில் எழுதக்கூடிய எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான்.

*

வராண்டாவில் அவளுக்கு எதிரே குடையை மடக்கிக்கொண்டு கோபிகிருஷ்ணன் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று.

“யாரு, ஸ்வர்ணாவா? எப்பம்மா வந்த? வேலையெல்லாம் நல்லாப் போவுதா?”

திருப்பதிக் கல்லூரிக்கு அவளுடைய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அப்பா அவர் காலில் விழாத குறை.

“போவுது சார்.”

“தரணிக்கு ஒடம்பு எப்படி கீது? பாடமெல்லாம் போய்டுதும்மா. நோட்டாவது வந்து வாங்கிக்கினு போகச் சொல்லு.”

“தனியா அனுப்பறது இல்ல சார்.”

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அந்த வார்த்தை அவள் வாயில் புதிதாக வந்ததல்ல. இதே பள்ளியில் அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், ஒன்பதாம் வகுப்புக் கேசியா அக்கா தமிழ் செக்சன் பெண்களை வேப்பமரத்தடியில் கூட்டிவைத்துச் சொன்னாள். நம்ம செக்சன் பொண்ணுங்க லைப்ரரி ரூமுக்கு எப்பவும் ஜோடியாத்தான் போவோம், தனியா போறவ கூட யாரும் பேச மாட்டோம். ஏன் என்று கேசியா சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நோட்டுக் கட்டை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு, ஜோடி ஜோடி என்று பாடிக்கொண்டே போவார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஸ்வர்ணலதாவும் புதிதாக வந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து அதையே சொன்னாள். சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

நினைத்துக்கொண்டுதானா? நேற்று இரவெல்லாம் அவளைத் தூங்கவிடாதது அந்தக் கேள்விதான். ஒருமுறை துணைக்கு வந்தவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டபோது, தான் மட்டும் அந்த வாசலில் நோட்டுகளை வைத்துவிட்டு ஓடி வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் ஓடினாள்? அப்போதே தெரிந்துதானே ஓடினாள்? கேசியாவுக்கும் தெரியும். கேசியாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கும் தெரியும். இத்தனை வருஷம் இத்தனை பெண்கள் ஜோடி போட்டுத் தப்பித்தார்களே தவிர, அந்தக் கதவை ஒருத்தியும் கைகாட்டவில்லை.

அப்போது வகுப்புக்குப் பதினொரு பெண்கள். இப்போது இங்கிலீஷ் மீடியத்துக்கும் பிரைவேட்டுக்கும் போனவர்கள் போக, எட்டாவதில் நாலு பையன்கள், ஒரே ஒரு பெண். கூடப் படித்த இன்னொருத்தியின் குடும்பம் போன சித்திரையில் திருத்தணிப் பக்கம் போய்விட்டது. தரணி யாரோடு ஜோடி போடுவாள்?

*

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது பள்ளிச் சமையல் கொட்டகையில் புகை கண்ணைக் கரித்தது. மழையில் நனைந்த விறகு. செவ்வாய்க்கிழமை என்பதால் புளியோதரை, கோவக்காய்ப் பச்சடி, முட்டை. பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் புளிக்காய்ச்சலை ஊற்றி, அம்மாவோடு சமைக்கிற வரலட்சுமி கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தாள். செல்லியம்மா குத்துக்காலிட்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“அடிப் பாவி. சொல்லிச் சொல்லி அனுப்பினேனேடீ.”

“ஏம்மா கேக்கக் கூடாது? அத்தச் சொல்லு மொதல்ல.”

“ஒண்ணியும் இல்ல. நீ வூட்டுக்குப் போ.”

வரலட்சுமி கிளறுவதை நிறுத்தாமலே, “ஏன் ஸ்வர்ணா, வந்ததும் வராததுமா அம்மா கூட மல்லுக்கு நிக்கற? ஒரு முட்ட துன்றியா?” என்றாள்.

“வேணாக்கா.” ஸ்வர்ணலதா அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். “ரிஜிஸ்டரு பாத்தேம்மா. பெட்டி காலின்னு எழுதிக் கீது. கீழ உன் கையெழுத்து.”

“எனக்குத் தெலுங்கு படிக்க வராதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெலுங்கு வராது. கண்ணு தெரியும் இல்ல? தொறக்கச்சே பெட்டி காலியாவா இருந்துது?”

செல்லியம்மா ஒரு முட்டையை எடுத்தாள். உரித்த முட்டை என்பது தெரியாமல் அதையே மறுபடி நகத்தால் சுரண்டினாள். மகள் அந்த நகத்தையே பார்த்தாள். இவளுமா? தன் வயிற்றில் பிறந்ததைப் பற்றிய தாள் என்று தெரிந்தும் இவள் கையெழுத்துப் போட்டாளா?

“ஒரு காயிதம் இருந்துது” என்றாள் செல்லியம்மா.

“இன்னான்னு?”

“சத்தம் போடாதடீ. ஹெட்மாஸ்டரு பிரிச்சிப் பாத்தாரு. இது தமிழ்ல கீதே, நமக்குத் தெரியாதேன்னாரு. கோபி சாரக் கூப்ட்டு, படிச்சிச் சொல்லுங்கன்னு குடுத்தாரு. அவரு நின்னுக்கினே படிச்சாரு. படிச்சிட்டு என்னையப் பாத்தாரு.” அவள் குரல் இறங்கியது. “சோத்துல உப்பு கம்மி, சாம்பாரு தண்ணியா கீதுன்னு பசங்க எழுதிக் கீதுங்கன்னாரு.”

கரண்டிக் காம்பு நின்றது. வரலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு மூஞ்சி எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. எட்டு வருசமா ஆக்கிப் போடறேன், ஒரு கொழந்த கொற சொன்னது இல்ல. ரிஜிஸ்டர்ல ஏறிச்சின்னா மேல போவும், சமையல வேற குரூப்புக்கு மாத்திடுவாங்கன்னு வேணு சொல்றான். அப்ப கோபி சாருதான், விடுங்க சார், பாவம் அந்தம்மா, காலின்னு எழுதிடுங்கன்னு சொன்னாரு. நான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்டீ.”

“கும்பிட்டியா?”

“கும்பிட்டேன். அதுக்குத்தான் கேக்காதன்னேன். நீ போய்க் கிளறி விட்டா, இருக்கற வேலையும் பூடும்னு.”

“அதான் பத்து நாளா ஒரு புடி உப்பு சேத்துப் போட்டுக்கினு இருக்கியா?” என்றாள் வரலட்சுமி. “பசங்க தண்ணி தண்ணின்னு பறக்குதுங்க. நான் உன் கை தவறுதுன்னு நெனச்சேன்.”

ஸ்வர்ணலதா பையைத் திறந்தாள். உறையிலிருந்து தாளை எடுத்து விரித்து நீட்டினாள்.

“தமிழு படிக்க வருமில்ல உனக்கு? அன்னிக்கே கை நீட்டி வாங்கிப் படிச்சிருந்தா இன்னாம்மா?”

“வாத்தியாரு படிக்கச்சே நான் எப்டிடீ கை நீட்டறது?”

“இப்பப் படி.”

செல்லியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். முதலில் எழுத்தைத்தான் பார்த்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். மளிகைச் சாமான் லிஸ்ட்டை மாதாமாதம் எழுதிக் கொடுக்கிற எழுத்து. பிறகு வரி வரியாக, உதடு அசையப் படித்தாள். ஐந்தாவது வரியில் உதடு நின்றது. எழுந்து போய் அரிசி மூட்டைமேல் கையூன்றிக்கொண்டு நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டுகளோடு பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மணி அடித்துவிட்டது. முட்டை எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும். அழுவதற்குக்கூட அந்த இடத்தில் நேரம் இல்லை.

“நீ போ” என்றாள் செல்லியம்மா, திரும்பாமலே. “போட்டு முடிச்சிட்டு வரேன்.”

*

வீட்டில் அப்பா திருவேங்கடத்தோடு வேணு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் போன் செய்தது பைக்கைவிட வேகமாக வந்திருக்கிறது என்று ஸ்வர்ணலதா நினைத்துக்கொண்டாள். காலனி வீடு. ஒரே கூடம். மழைக்குப் பயந்து உள்ளே கொட்டிய கடலைக்கொடி பாதிக் கூடத்தை அடைத்துக் கிடந்தது. ஈர மண்ணும் வேக்காடுமாக நாற்றம். இன்னும் இரண்டு நாள் வெயில் வராவிட்டால் காய் முளைவிட்டுவிடும். திருவேங்கடம் கொடியை உதறி உதறிக் காய் பறித்துக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

மூலையில் தரணி தலை வாரி, நல்ல பாவாடை தாவணி கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வாம்மா டிகிரி” என்றார் வேணு. “ஆபீசருங்களையெல்லாம் மிரட்டிட்டு வரியாமே?”

“யாரையும் மிரட்டல சித்தப்பா. சாவி கேட்டேன்.”

“இன்னாத்துக்கு? அண்ணே, நீயாச்சும் கேளு உன் பொண்ண.”

திருவேங்கடம் ஒரு கொடியை ஓங்கி உதறினார். “தரணி சொல்லிச்சி என்கிட்ட. இப்பத்தான். நீ வர்றதுக்கு மின்னாடி.” பறித்த காயைக் கொடியோடு சேர்த்தே கூடையில் போட்டார்.

“அண்ணே, மனசு எனக்கும் பதறுது” என்றார் வேணு. “நம்ம பொண்ணுதான அதுவும். ஆனா யோசிச்சிப் பாரு. அந்த மனுசன் ஒருத்தரு இருக்கறதாலதான் இந்தப் பள்ளிக்கூடத்துல தமிழ் செக்சன்னு ஒண்ணு கீது. ஆளு இல்லன்னு தெரிஞ்சா போஸ்ட எடுத்துடுவாங்க. செக்சன மூடிடுவாங்க. நம்ம பாட்டன் முப்பாட்டன் காலத்துலருந்து பேசற பாஷ, நாளிக்கி நம்ம பேரப் புள்ளைங்களுக்கு எழுதத் தெரியாது.”

“இப்ப எழுதத் தெரிஞ்சவ ஒருத்தி எழுதினா. அவ எழுதினது யாரு கைக்குப் போச்சி சித்தப்பா?”

“அது... ஹெட்மாஸ்டரு பண்ண தப்பு.”

“நீ பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த? நீ தமிழ் மீடியத்துல பத்தாவது படிச்சவன்தான?”

“நான் கண்ணாடி எடுத்துக்கினு போவலம்மா அன்னிக்கி.”

“ரிஜிஸ்டர்ல கோட்டு மேல நேராக் கையெழுத்துப் போட்டுக் கீற.”

வேணு கடலை ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே பருப்பு கறுத்திருந்தது. “சரி, இப்ப இன்னா பண்ணலாம்ன்ற? அவரே டிரான்ஸ்பர் வாங்கிக்கினு போய்டறேன்றாரு. வர்ற லீவுக்குள்ள. பேரு வெளில வராம முடிஞ்சிடும். நாளைக்கி இந்தப் பொண்ணுக்கும் ஒரு எடம் பாக்கணும் இல்ல?”

“வாத்தியாரு போய்டறேன்னு உன்கிட்ட எப்ப சொன்னாரு?”

“காலைல போன்ல.”

“நான் ஹெட்மாஸ்டரு ரூமுக்குப் போனதே பத்தரைக்கு. சாவிதான் கேட்டேன். யாரு பேரும் சொல்லல, எந்த விசயமும் சொல்லல. அதுக்குள்ள டிரான்ஸ்பர் வரைக்கும் எப்டி வந்துது?” அவள் வேணுவையே பார்த்தாள். “அப்ப எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.”

“ஏய், மரியாதயா பேசு!”

“அவரு எங்க போவாரு? சத்தியவேடா? புத்தூரா? அந்த ஊர்ல பொண்ணுங்க இல்லியா? அங்கயும் ஜோடி போடச் சொல்லிக் குடுக்க ஒரு கேசியா வேணுமா?”

செல்லியம்மா அப்போதுதான் வாசற்படி ஏறினாள். பாத்திரம் கழுவுவதை வரலட்சுமியிடம் விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடியே வந்திருந்தாள். கையில் புகைக்கரி இன்னும் இருந்தது. வேணுவைப் பார்த்தாள்.

“உப்பு கம்மின்னு சொன்னாரு” என்றாள். “நீயும் கேட்டுக்கினு இருந்த இல்ல வேணு? உப்பு கம்மின்னு.”

வேணு குனிந்துகொண்டார். பிறகு ஏதோ ஒரு பிடி கிடைத்ததுபோலத் தரணி பக்கம் திரும்பினார். “இவ எங்க கெளம்பிக்கினு கீறா, நல்ல துணி போட்டுக்கினு?”

“நகரிக்கு” என்றாள் ஸ்வர்ணலதா. “காலைல ஒம்போது மணிக்கே, பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு பத்து ஒம்போது எட்டுக்கு போன் பண்ணிட்டேன். கொழந்தைங்க ஹெல்ப்லைன். எல்லாம் எழுதிக்கினாங்க. நாலு மணிக்கு ஒரு மேடம் நகரிக்கு வராங்க. தரணிகிட்ட அவங்களே தனியாப் பேசுவாங்க. அப்பறம் போலீஸ் ஸ்டேஷன்.”

“ஒம்போது மணிக்கேவா?” என்றார் திருவேங்கடம். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “அப்ப பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாவி எதுக்கும்மா கேட்ட?”

“பெட்டியத் தொறக்க இல்ல நைனா. காயிதம்தான் என் பையில கீதே. அத்தக் கேட்டா யாரு யாருக்கு மூஞ்சி மாறுதுன்னு பாக்கணும் எனக்கு. பாத்துட்டேன்.”

“ஊரு ஒண்ணாச் சேந்து ஒதுக்கி வெச்சிடும்டீ” என்றார் வேணு. “உங்கம்மா சமையல் வேலை போவும். தமிழ் செக்சன மூடினவன்னு உன் பேரத்தான் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். வேணும்னா ஒரு காயிதத்துல எழுதிப் பெட்டில போடட்டும்.”

அவள் கையை நீட்டினாள். தரணி எழுந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள். நேற்று ராத்திரி அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: மறுபடியும் எல்லாத்தையும் சொல்லணுமா அக்கா? ஒரே ஒரு தடவ, நான் வாசல்லயே இருப்பேன் என்று இவள் சொல்லியிருந்தாள். வாசலில் இருப்பது என்றால் இந்தத் தடவை ஓடாமல் இருப்பது என்று தனக்குள்ளேயும் சொல்லிக்கொண்டாள்.

கடலைக்கொடிக் குவியல் வழியை மறித்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். திருவேங்கடம் அசையவில்லை. செல்லியம்மா குனிந்து இரண்டு கையாலும் கொடியை வாரி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஒதுக்கிவிட்டுக் குனிந்த நிலையிலேயே சொன்னாள்:

“என் கையெழுத்தையும் சொல்லு. மறைக்காத.”

“சொல்லத்தான் போறேம்மா. போட்டோவே எடுத்துக் கீறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டார்கள். வேணு போனை எடுத்து யாருக்கோ அவசரமாக எண்களை அழுத்துவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. யாருக்கு என்று திரும்பிப் பார்க்க ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றவில்லை. மூன்று மணி பஸ் ஏரிக்கரை திரும்பும் சத்தம் மழைக்கு நடுவே வந்தது. ஒரே குடை. நடையைக் கூட்டி இருவரும் சேற்றில் இறங்கினார்கள்.